எடை குறைந்தது, தோல் தொங்குகிறது, செலவுக்கு என்ன வழி?

எடையைப் பெரிய அளவில் குறைத்தவர்கள் இந்த முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். கேள்விகள் பலவிதமாக இருந்தாலும் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: மிஞ்சி நிற்கும் தோலை எடுக்க ஆகும் பணத்துக்கு எங்கே போவது? பாலிசிக்குப் பாலிசி விதி மாறும், இடத்துக்கு இடம் தொகை மாறும் என்பதால் இவ்வளவு ஆகும் என்று நான் எதையும் சொல்லப் போவதில்லை. பணம் எங்கே போகிறது, யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும், எதற்கு அவசரப்படக் கூடாது என்பதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

எடை குறைக்க இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் ஆகிறது. 60 கிலோ குறைந்திருக்கிறேன். அடிவயிற்றுத் தோல் தொடைமேல் வந்து விழுகிறது. மடிப்புக்குள் வேர்த்து வெந்து, புண்ணாகி, நாற்றம் வருகிறது. இன்ஷூரன்ஸில் கேட்டேன், 'இது அழகுக்கான சிகிச்சை' என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

செய்ய முடியும். முதலில் அந்த மறுப்புக் கடிதத்தை எடுத்து, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, வரி வரியாகப் படியுங்கள். மறுப்பு இரண்டு வகை. 'உங்கள் பாலிசியில் தோல் அகற்றும் சிகிச்சையே கிடையாது' என்று விதி எண்ணோடு சொல்லியிருந்தால் அது ஒப்பந்தத்திலேயே அடைத்த கதவு. அதன் மேல் மேல்முறையீடு செய்து மாதங்களைக் கரைக்க வேண்டாம். 'மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை' என்ற பொருளில் எழுதியிருந்தால் விஷயமே வேறு, ஏனென்றால் அங்கே குறைவது ஆதாரம் மட்டும்தான், அதை உங்களால் சேர்க்க முடியும். ஒரு வரிக் கடிதத்தில் இது எந்த வகை என்று தெரியாவிட்டால், எந்த விதியின் கீழ் மறுத்தீர்கள், அந்த விதியின் முழு வாசகம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டு வந்த பதிலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அடுத்தது, நீங்கள் எந்த ஆபரேஷனின் பெயரைச் சொல்லிக் கேட்டீர்கள்? இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வயிற்றில் செய்வது இரண்டு வேறு ஆபரேஷன்கள். பேனிகுலெக்டமி என்பது தொங்கும் தோலையும் அதனடியில் இருக்கும் கொழுப்பையும் அறுத்து எடுத்துத் தைப்பது, அவ்வளவுதான். அப்டாமினோபிளாஸ்டி, அதாவது எல்லோரும் 'டம்மி டக்' என்று சொல்வது, விலகிப்போன வயிற்றுத் தசையை இழுத்துத் தைத்து, தொப்புளை இடம் மாற்றி, வயிற்றுக்கு வடிவம் கொடுப்பது. காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக முதலாவதை மட்டுமே மருத்துவத் தேவையாகப் பார்க்கும், இரண்டாவதை அழகுக் கணக்கில் எழுதிவிடும். உங்களுக்கு இருக்கிற தொல்லை முதலாவது ஆபரேஷனுக்குரியது. விண்ணப்பத்தில் இரண்டாவதன் பெயர் இருந்திருந்தால் மறுப்பு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் ஆதாரம். பல பாலிசிகள் ஏறத்தாழ ஒரே மாதிரியான விஷயங்களைத்தான் எதிர்பார்க்கின்றன. தோல் மடிப்பு இடுப்புக்கு முன்பக்கம் இருக்கும் அந்தரங்க எலும்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எடை குறைந்தது 6 மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்றிருக்க வேண்டும். எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர் என்றால் அதன்பின் 12 முதல் 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். மடிப்பில் வரும் புண்ணுக்கு மருத்துவர் மேற்பார்வையில் சிகிச்சை எடுத்தும், பெரும்பாலும் 3 மாதம் என்று கேட்பார்கள், சரியாகவில்லை அல்லது திரும்பத் திரும்ப வருகிறது என்று பதிவு இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் உண்மையாகவே கஷ்டப்படுகிறவர்கள் தோற்றுப்போகிறார்கள். வீட்டிலேயே பவுடர் போட்டு, துணி வைத்து, யாரிடமும் காட்ட வெட்கப்பட்டு வருடக்கணக்காகச் சமாளித்திருப்பார்கள். அவர்கள் பட்ட வேதனை எந்தக் காகிதத்திலும் இருக்காது. காகிதத்தில் இல்லாததைக் காப்பீட்டு நிறுவனம் நடந்ததாகவே எடுத்துக்கொள்ளாது. எனக்கு இது வயிற்றெரிச்சலான விஷயம். ஆனால் நிலைமை இதுதான்.

அதனால் இன்றே தோல் மருத்துவரிடம் போங்கள். ஒவ்வொரு முறை புண் வரும்போதும் போங்கள். எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, நீர் வடிகிறதா, பூஞ்சைத் தொற்றா, எந்தக் களிம்பு எத்தனை நாள், மாத்திரை கொடுத்தாரா, ஆறியதா, மறுபடி எப்போது வந்தது, எல்லாம் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 'தோலில் தொற்று' என்று இரண்டே வார்த்தையில் எழுதிய சீட்டு உங்களுக்குப் பெரிதாக உதவாது. எடையும் ஒவ்வொரு முறையும் மருத்துவர் பதிவில் ஏற வேண்டும், எடை நின்றுவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. புகைப்படம் கட்டாயம்: நின்றபடி முன்னிருந்து ஒன்று, இரண்டு பக்கவாட்டிலிருந்தும், மடிப்பைத் தூக்கிப் பிடித்து உள்ளே இருக்கும் புண் தெரிகிற மாதிரி ஒன்று, எல்லாவற்றிலும் தேதி. இந்தப் படத்தை எடுக்க மனசு எவ்வளவு கூசும் என்று தெரியும். மருத்துவமனையிலேயே, முகம் வராமல் எடுப்பார்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அறுவை மருத்துவர் கொடுக்கும் கடிதத்தில் தொங்கல் எந்த நிலை என்று இருக்கட்டும். 1 முதல் 5 வரை ஒரு கணக்கு இருக்கிறது. அந்தரங்க முடி இருக்கும் பகுதியை மூடினால் 1, பிறப்புறுப்பை மூடினால் 2, தொடையின் மேல்பகுதிவரை வந்தால் 3, நடுத்தொடை என்றால் 4, முழங்காலைத் தொட்டாலோ தாண்டினாலோ 5. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் 3 ஆக இருக்கலாம், நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். நடக்க முடியவில்லை, கழிவறையில் சுத்தம் செய்துகொள்ள முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்பதையும் கூச்சப்படாமல் எழுதச் சொல்லுங்கள். முதுகுவலியை மட்டும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள். வலி நிஜமாகவே இருக்கும், ஆனால் அதைத் தனிக் காரணமாகப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

இவ்வளவும் சேர்ந்த பிறகு மேல்முறையீடு. அதற்குக் கடைசித் தேதி உண்டு, மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும், அதைத் தவற விடாதீர்கள். தேதிக்குள் எல்லா ஆதாரமும் சேராது போலத் தெரிந்தால், இருப்பதை வைத்துப் பழைய மறுப்போடு மல்லுக்கட்டுவதைவிட, எல்லாம் தயாரான பிறகு புது விண்ணப்பமாகக் கொடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். உங்கள் அறுவை மருத்துவர் நிறுவனத்தின் மருத்துவரிடம் நேரடியாகப் பேச வாய்ப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள், எழுத்தில் நகராத விஷயம் இரண்டு மருத்துவர்கள் பேசும்போது நகர்வதுண்டு. அதிலும் முடியாவிட்டால் காப்பீட்டுப் புகார்களைக் கேட்க நிறுவனத்துக்கு வெளியே ஒரு அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பல நாடுகளில் இருக்கிறது. எது எப்படியானாலும் எழுத்தில் முன் அனுமதி கைக்கு வரும்வரை ஆபரேஷன் மேசையில் ஏறாதீர்கள். செய்துவிட்டுப் பிறகு கேட்டால் பணம் வருவது மிக மிகக் கடினம்.

எனக்குக் குடலிறக்கமும் இருக்கிறது. அதற்கு இன்ஷூரன்ஸ் உண்டாம். அந்த ஆபரேஷனோடு சேர்த்துத் தோலையும் எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே பில்லில் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. குடலிறக்கத்தையும் தோலையும் ஒரே மயக்கத்தில் செய்வது வழக்கமாக நடப்பதுதான். மயக்க மருத்துவர் செலவு, தியேட்டர் செலவு, படுக்கைச் செலவு ஆகியவற்றில் ஒரு பகுதி குடலிறக்கத்தின் கணக்கில் போவதால் உங்கள் கைப்பணம் குறையவும் செய்யும். ஆனால் தோலுக்கான பகுதி தனியாகத்தான் பில்லில் வரும், வர வேண்டும். எது யார் கணக்கு என்று ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனையிடமும் நிறுவனத்திடமும் எழுதி வாங்குங்கள்.

தோலை மறைத்து எல்லாவற்றையும் குடலிறக்கம் என்றே எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆபரேஷன் குறிப்பில் என்ன செய்தோம் என்பது தெளிவாக இருக்கும். மாட்டினால் கிளெய்ம் மட்டும் போகாது, பாலிசியே ரத்தாகலாம். இன்னொன்று, தசை விலகல் வேறு, குடலிறக்கம் வேறு. வயிற்றின் நடுவில் தசை விலகி மேடாகத் தெரிவதைப் பலர் குடலிறக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் ஓட்டை எதுவும் இல்லை, அதைத் தைப்பதை அழகு சிகிச்சை என்றே நிறுவனங்கள் வைக்கும்.

கை, வயிறு, தொடை, மார்பு, எல்லா இடத்திலும் தோல் தொங்குகிறது. ஊசி போட்டு 45 கிலோ குறைத்தேன், இன்னும் குறைந்துகொண்டே இருக்கிறது. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். கடன் வாங்கியாவது எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட நினைக்கிறேன். வயது 29.

தம்பி, உங்கள் அவசரம் புரிகிறது. இவ்வளவு பாடுபட்டு எடையைக் குறைத்துவிட்டு சட்டையைக் கழற்றத் தயங்குவது கொடுமைதான். ஆனாலும் இந்தத் திட்டத்தில் மூன்று இடங்களில் நான் உங்களைத் தடுக்க வேண்டியிருக்கிறது.

எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது தோலை எடுத்தால், இறங்கி முடிந்ததும் மறுபடி தொங்கும், மறுபடி பணம் கட்ட வேண்டும். மறுபடி ஏறினால் தைத்த இடம் விரிந்து போட்ட பணம் வீணாகும். நீங்கள் எழுதியிருக்கும் ஊசி எது என்று சொல்லவில்லை. பசியைக் குறைக்கும் செமாகுளுடைடு மருந்து மாதிரியான ஒன்று என்றால், அதை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஆகவே ஊசியைத் தொடரப் போகிறீர்களா, நிறுத்தப் போகிறீர்களா, தொடர்ந்தால் அதன் மாதச் செலவை எத்தனை காலம் தாங்க முடியும், இதெல்லாம் முடிவான பிறகுதான் தோலுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஊசியின் செலவும் ஆபரேஷன் கடனின் தவணையும் ஒரே சம்பளத்திலிருந்து போகும்போது முதலில் நின்றுபோவது ஊசியாகத்தான் இருக்கும், எடை திரும்புவதும் அங்கேதான் ஆரம்பிக்கும். ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பதால் மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது, எல்லாம் ஒரே தடவையில் என்பது. மயக்கத்தில் இருக்கும் நேரம் நீள நீள ரத்த இழப்பு, ரத்தக்கட்டு, உடல் குளிர்ந்துபோவது எல்லாம் கூடும். 6 மணி நேரத்தைத் தாண்டும் அழகு அறுவைகளை நல்ல மருத்துவர்கள் பிரித்துச் செய்யவே விரும்புவார்கள். கை, தொடை, வயிறு மூன்றிலும் ஒரே நேரத்தில் தையல் இருந்தால் எப்படி எழுந்து உட்காருவீர்கள், எதை ஊன்றி எழுவீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். சில மாத இடைவெளியில் பிரித்துச் செய்வதில் மொத்தச் செலவு கொஞ்சம் கூடும், ஒவ்வொரு முறையும் தியேட்டருக்கும் மயக்கத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டியிருப்பதால். ஆனால் முதலாவதை முடித்துப் பணம் சேர்த்து அடுத்ததற்குப் போகலாம், கடன் தேவைப்படாமலேயே போகலாம். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு 'இது போதும்' என்று நின்றுவிடுகிறவர்களும் உண்டு. எது உங்களை அன்றாடம் அதிகம் வதைக்கிறதோ அதை முதலில் வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வயிறு.

மூன்றாவது கடன். கடனே கூடாது என்று சொல்ல மாட்டேன். வேலை நிலையாக இருந்து, வட்டி நியாயமாக இருந்து, கையிலிருந்து பாதிக்கு மேல் போட முடிந்தால் வாங்கலாம். மருத்துவமனை வழியாகவே கிடைக்கும் 'வட்டியில்லாத் தவணை'யில்தான் கவனம் வேண்டும். சலுகைக் காலத்துக்குள் முழுவதும் கட்டாவிட்டால் முதல் நாளிலிருந்து வட்டி போடும் வகை இருக்கிறது, செயல்பாட்டுக் கட்டணம் என்று முன்பே பிடித்துக்கொள்ளும் வகை இருக்கிறது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் பாருங்கள். இதைவிட முக்கியமான ஒன்று, ஆபரேஷன் தள்ளிப்போனால் என்ன ஆகும்? ரத்தசோகை, காய்ச்சல், ஏதாவது ஒரு காரணத்துக்காகத் தேதி மாறுவது சர்வ சாதாரணம். அப்போது கடன் தவணை மட்டும் ஓட ஆரம்பித்திருக்கும். கட்டிய முன்பணம் திரும்புமா, தேதி மாறினால் செல்லுமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்யாணத் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து தடித்துத்தான் இருக்கும், வெளிற 12 முதல் 18 மாதம்கூட ஆகும். கல்யாணத்துக்கு நான்கு மாதம் முன்பு செய்தால் தோல் தொங்காது, ஆனால் புதுத் தழும்போடு நிற்பீர்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரிடம் இப்போதே மனம்விட்டுப் பேசுங்கள். அதற்குக் கடன் தேவையில்லை.

விலை உயர்ந்த இறுக்கும் கிரீம், ரேடியோ அலை மெஷின், உடற்பயிற்சி, இவற்றால் ஆபரேஷன் செலவைத் தவிர்க்க முடியுமா?

பெரிய அளவில் தொங்கும் தோலுக்கு முடியாது. வருடக்கணக்கில் இழுபட்ட தோலில், அதற்கு உறுதியும் நெகிழ்ச்சியும் தரும் கொலாஜன், எலாஸ்டின் இழைகளே குறைந்து சிதைந்திருக்கும், மேலே பூசுவது அவற்றைத் திருப்பித் தராது. மெஷின் சிகிச்சை லேசான தளர்வில் சிறிய மாற்றம் தரலாம். உடற்பயிற்சி தசையை வளர்க்கும், அதனால் கை, தொடையில் கொஞ்சம் நிரம்பியது போலத் தெரியும், உடம்புக்கும் நல்லது, விடாமல் செய்யுங்கள். கிரீமுக்கும் மெஷினுக்கும் மாதாமாதம் போகும் பணத்தை அப்படியே எடுத்து ஆபரேஷனுக்கென்று தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

இரண்டு மருத்துவமனைகளில் மதிப்பீடு வாங்கினேன். ஒன்று மற்றொன்றில் பாதிதான் இருக்கிறது. ஒரே ஆபரேஷனுக்கு இவ்வளவு வித்தியாசம் எப்படி? மலிவான இடத்தில் 'இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி' என்கிறார்கள்.

பெரும்பாலும் அவர்கள் சொல்வது ஒரே பொருளுக்கான விலையாகவே இருக்காது. குறைந்த தொகை பல நேரம் அறுவை மருத்துவரின் கட்டணம் மட்டும்தான். மயக்க மருத்துவர், தியேட்டர், படுக்கை நாட்கள், ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைகள், எடுத்த திசுவைச் சோதனைக்கு அனுப்பும் செலவு, மருந்து, இறுக்கமான கம்ப்ரஷன் உடை எல்லாம் அதற்கு மேல் வரும். அந்த உடையை 6 வாரம்போல இரவும் பகலும் போட வேண்டியிருக்கும், துவைத்து மாற்ற இரண்டு தேவை. தோலுக்கு அடியில் சேரும் நீர் வெளியேறக் குழாய் வைப்பார்கள். நாளுக்கு வரும் நீர் 30 மில்லி அளவுக்குக் குறையும்வரை அது இருக்கலாம், அதற்காகப் போய்வரும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

மதிப்பீட்டில் யாரும் எழுதாத செலவு இன்னொன்று இருக்கிறது, உங்கள் சம்பளம். வயிற்று ஆபரேஷன் என்றால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கே 2 முதல் 4 வாரம் போக முடியாது, எடை தூக்கும் வேலை என்றால் 6 வாரமோ அதற்கு மேலோ. குழந்தையைத் தூக்கக்கூட முடியாது. வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்ள யார் லீவு போடுவார், அவர் சம்பளம் என்ன ஆகும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இனி முக்கியமான கேள்வி: ஏதாவது தவறினால் யார் பணம் கட்டுவது? அதிக எடை குறைத்தவர்களுக்குத் தையல் பிரிவது, அடியில் நீர் கோப்பது, தொற்று, ஆற நாளாவது எல்லாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே நடக்கும். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, அதற்கும் ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 'மறுசீரமைப்பு இலவசம்', அதாவது சரியாக வராததைத் திருத்த மறுபடி செய்யும் ஆபரேஷன் இலவசம் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் மருத்துவர் தன் கட்டணத்தை மட்டும் விட்டுக்கொடுப்பார், தியேட்டருக்கும் மயக்கத்துக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் காப்பீட்டையும் பாருங்கள்: சொந்தச் செலவில் செய்த அழகு ஆபரேஷனால் வந்த சிக்கலுக்குப் பணம் தர மாட்டோம் என்று சில பாலிசிகளில் எழுதியிருக்கும்.

தள்ளுபடி விஷயத்தில் என் கருத்து உறுதியானது. உடம்பில் இடுப்பைச் சுற்றிக் கத்தி வைக்கும் ஒரு முடிவுக்கு இந்த வாரம் அடுத்த வாரம் என்று கெடு வைக்கும் இடத்தில் நான் என் வீட்டாரைச் சேர்க்க மாட்டேன். மருத்துவர் முறையாகப் பிளாஸ்டிக் சர்ஜரியில் பயிற்சி பெற்றவரா, எடை குறைத்தவர்களுக்கு இதே ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிறவரா, ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் கசிந்தால் யார் போனை எடுப்பார், அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வரும் இடத்துக்குக் கூடக் கொடுக்கலாம்.

வேறு நாட்டில் போய்ச் செய்தால் விமானக் கட்டணம் சேர்த்தாலும் குறைவாகத்தான் வருகிறது. போகலாமா?

திறமையான மருத்துவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், சிக்கல் அதில் இல்லை. வயிற்றுத் தோல் ஆபரேஷனும், அதைவிட உடம்பைச் சுற்றி வெட்டும் ஆபரேஷனும், காலின் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வர வாய்ப்புள்ளவை. அது நுரையீரலுக்குப் போனால் உயிரையே எடுக்கும். அதன்மேல் நீண்ட விமானப் பயணம் சேரக் கூடாது. ஆகவே அங்கே சில வாரமாவது தங்க வேண்டும், துணைக்கு ஒருவரும் வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். திரும்பி வந்தபின் தையல் பிரிந்தால் இங்கே யார் பார்ப்பார் என்று போவதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் பேசி ஒப்புதல் வாங்குங்கள். இன்னொருவர் செய்ததைத் தொடப் பலர் தயங்குவார்கள். இதற்கெல்லாம் வழி இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் மிச்சம் என்று நினைத்த பணம் மிச்சம் இல்லை.

என் மனைவி 50 கிலோ குறைத்தார். ஆரோக்கியத்துக்காகத்தானே குறைத்தாய், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாகிவிட்டது, இனி அழகுக்காக இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்டேன். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. நான் கேட்டதில் என்ன தவறு?

பணத்தைப் பற்றிக் கேட்டதில் தவறில்லை ஐயா. 'அழகுக்காக' என்ற முடிவை நீங்களே எடுத்துக்கொண்டு கேட்டதுதான் அவரைக் குத்தியிருக்கும். மடிப்புக்குள் எரிச்சலோடு நாள் முழுக்க நடமாடுவது, மாதவிலக்கு நாட்களில் சுத்தம் செய்துகொள்ளத் திணறுவது, ஓட ஆரம்பித்தால் தோல் அடித்து வலிப்பது, உடைக்குள் தோலை மடித்து வைத்துவிட்டு வெளியே கிளம்புவது, இதையெல்லாம் அவர் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டார். எல்லோரும் 'எவ்வளவு இளைத்துவிட்டாய்' என்று பாராட்டும்போது குறை சொல்ல வாய் வராது. தொங்கும் வயிற்றை வெட்டி எடுப்பது இந்தக் காலத்து அழகு மோகமும் இல்லை. ஹோவர்டு கெல்லி என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் 1899இலேயே இப்படி ஓர் ஆபரேஷனைச் செய்து பதிவு செய்திருக்கிறார்.

கண்ணாடியில் தன் உடம்பைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பது மட்டுமே காரணமாக இருந்தாலும், என்னைப் பொறுத்தவரை அது நியாயமான காரணம்தான். அதற்காகக் குடும்பம் கடனில் விழ வேண்டும் என்று அர்த்தமில்லை. உட்கார்ந்து பேசுங்கள், எது அதிகம் வதைக்கிறது என்று கேளுங்கள், மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். குடும்பத்தில் வேறு எந்தப் பெரிய செலவுக்கும் எப்படித் திட்டம் போடுவீர்களோ அப்படியே இதற்கும் போடுங்கள், இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை. பணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதைப் பார்த்தாலே அவருக்கு ஒரு பிடிப்பு வரும்.

பணம் கட்டிவிட்டேன். ரத்தம் குறைவு என்று ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். எரிச்சலாக இருக்கிறது.

தள்ளி வைத்தவர் நல்ல மருத்துவர். பைபாஸ் செய்தவர்களுக்கு இரும்புச்சத்து, பி12, புரதம் எல்லாம் குறைவது சகஜம். புரதம் குறைந்தால் காயம் ஆறாது. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதமாவது உள்ளே போகிறதா என்று உங்கள் உணவியல் நிபுணரிடம் கணக்குப் பாருங்கள். புகைபிடிப்பவர் என்றால் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் தொடவே கூடாது, தைத்த தோலுக்கு ரத்தம் போகாமல் கருகிப்போகும். இந்த இடைவெளிக்குச் செலவாகும் தொகை, பிரிந்த காயத்துக்கு மாதக்கணக்கில் கட்டுப்போட ஆகும் தொகையில் ஒரு சிறு பங்குதான்.

இன்ஷூரன்ஸும் இல்லை, சேமிப்பும் இல்லை, கடனும் கிடைக்காது. எனக்கெல்லாம் வழியே இல்லையா?

மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைகளில் விசாரியுங்கள். பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள் மூத்தவர்களின் மேற்பார்வையில் செய்வார்கள், செலவு பொதுவாகக் குறையும், காத்திருப்பு நீளும். காத்திருப்பதில் நஷ்டம் இல்லை, எடை நிலைக்க எப்படியும் அந்தக் காலம் தேவைதான். அரசு நிதியில் இயங்கும் இடங்களில் மருத்துவத் தேவை என்று காட்ட முதல் பதிலில் சொன்ன அதே ஆதாரங்களைத்தான் கேட்பார்கள், அதனால் அவற்றை இப்போதே சேர்க்க ஆரம்பியுங்கள். கேட்கும்போது வயிறு, கை, தொடை என்று மொத்தமாகக் கேட்காமல், புண் வரும் இடத்துக்கு மட்டும் கேளுங்கள். கை, தொடைத் தோலை மருத்துவத் தேவை என்று ஏற்கவைப்பது எங்குமே கடினம்.

பொது இடத்தில் நன்கொடை கேட்கும் முறையையும் சிலர் முயல்கிறார்கள். அதற்கு உங்கள் படத்தையும் கதையையும் எல்லோர் முன்பும் வைக்க வேண்டியிருக்கும், ஒருமுறை போன படம் திரும்பி வராது. முகம் தெரியாத படம் போதும் என்று உறுதியாக இருங்கள்.

அதுவரை மடிப்பைப் பார்த்துக்கொள்வது: தினமும் மென்மையான சோப்பால் கழுவுங்கள், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், முடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்து உள்வரை உலர்த்துங்கள். இரண்டு தோலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே ஈரம் உறிஞ்சும் சுத்தமான பருத்தித் துணி வையுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். வயிற்றைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை நடக்கும்போது பெரிய உதவி. அரிப்பும் சிவப்பும் என்றால் மருத்துவர் சொல்லும் பூஞ்சைக் களிம்பு, நீங்களாகவே ஸ்டீராய்டு கலந்ததை வாங்கிப் பூச வேண்டாம். சிவப்பு வேகமாகப் பரவினாலோ, தொட்டால் சூடாக வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அது தோலுக்கு அடியில் இறங்கிய தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.